பிளஸ் டூ பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்ப்பது எப்படி: கொங்குப் பள்ளிகளின் வழிகாட்டி ஆசிரியர்களுக்கு

கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் என்று கொங்கில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. அப்படியிருந்தும் நல்ல மார்க் வாங்கிய பிள்ளைகள் சிலர் ஆண்டுதோறும் கைக்கு எட்டிய இடத்தைக் கோட்டை விடுகிறார்கள். விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் மார்க் காரணமாக இருக்காது. வருமானச் சான்றிதழ் காலாவதியாகியிருக்கும். ஓ.டி.பி. யாருடைய போனுக்கோ போயிருக்கும். விருப்பப் பட்டியலில் மேலே இருக்க வேண்டிய கல்லூரி பன்னிரண்டாவதாகக் கிடக்கும். ரிசல்ட் வந்த பிறகு உட்கார்ந்து இதையெல்லாம் சரிசெய்ய நேரம் போதாது. வேலையை அதற்கு முந்தைய ஜூனிலேயே தொடங்க வேண்டும்.

பள்ளியில் உயர்கல்வி வழிகாட்டிப் பொறுப்பு யார் தலையில் விழுந்திருந்தாலும் அவர்களுக்காகத்தான் இந்தக் குறிப்பு. விவரம் தெரிந்த பெற்றோரும் வைத்துக்கொள்ளலாம்.

முதல் வேலை: ஆளுக்கு ஒரு தாள்

பிளஸ் டூ வகுப்பு தொடங்கிய முதல் மாதத்தில் மாணவர் ஒவ்வொருவருக்கும் ஏ4 தாள் ஒன்று. கூகுள் ஃபார்ம் வேண்டாம். அதில் பாதிப் பேர் 'ஓகே சார்' என்று நிரப்பிவிட்டுப் போவார்கள். எதிரில் உட்காரவைத்துப் பத்து நிமிடம் பேசி, உங்கள் கையால் எழுதுங்கள். எழுத வேண்டியவை: பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் உள்ளபடி பெயரும் இனிஷியலும், ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தெந்தப் பள்ளி, அவை அரசுப் பள்ளியா, உதவி பெறும் பள்ளியா, தனியாரா, அப்பா அம்மா தொழில், வீட்டில் யாராவது டிகிரி முடித்திருக்கிறார்களா, விடுதியில் தங்கிப் படிக்க வீட்டில் சம்மதமா, வீட்டில் எப்போதும் இருக்கிற போன் நம்பர் யாருடையது.

படித்த பள்ளிகளைப் பற்றிய கேள்வியை மட்டும் இரண்டு முறை கேளுங்கள். 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அதில்தான் அடங்கியிருக்கிறது. 2020-ல் மருத்துவத்துக்கும், 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகிய படிப்புகளுக்கும் சட்டமாக வந்த ஒதுக்கீடு இது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தில் எட்டு வரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதாவதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கும் உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியில் படித்த பிள்ளைக்குக் கிடையாது. கொங்கில் பழைய உதவி பெறும் பள்ளிகள் நிறைய. அங்கே படித்தவர்களில் பலர் 'நாங்களும் கவர்மெண்ட் ஸ்கூல்தானுங்க' என்று நினைத்துக்கொண்டு விண்ணப்பத்தில் டிக் அடித்துவிட்டு, சரிபார்ப்பில் மாட்டுகிறார்கள். இந்த ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. நாலு வருடத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், தறி ஓட்டும் வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று தெரியும்.

பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களை வைத்திருக்கும் எமிஸ் தளத்தில் அவருடைய பதிவையும் அன்றைக்கே திறந்து பாருங்கள். ஏழாவதில் பள்ளி மாறிய பிள்ளைக்கு ஒரு வருடம் விடுபட்டிருக்கும், அல்லது பழைய பள்ளியின் வகை தவறாக ஏறியிருக்கும். ஜூலையில் திருத்தச் சொன்னால் தலைமை ஆசிரியர் நிதானமாகச் செய்வார். மே மாதம் போனால் எல்லாருக்கும் ஒரே அவசரம்.

சான்றிதழ்கள்: எது, எப்போது, எங்கே சிக்கும்

சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் போதும். ஆனால் பழைய கையெழுத்துப் பிரதி, லேமினேஷன் போட்டு மஞ்சளாகிப் போனது என்றால் இ-சேவையில் விண்ணப்பித்து டிஜிட்டல் கையொப்பமிட்டதாக மாற்றிவிடுங்கள். பழங்குடியினருக்கு இந்தச் சான்றிதழை வழங்குபவர் கோட்டாட்சியர், விசாரணை நேரில் நடக்கும், மாதக்கணக்கில் இழுக்கும். சத்தியமங்கலம், அந்தியூர் மலைக் கிராமங்கள், வால்பாறை, கொல்லிமலை ஆகிய பகுதிப் பள்ளிகளில் இருப்பவர்கள் பதினொன்றாம் வகுப்பிலேயே இதைத் தொடங்கிவிட வேண்டும்.

வருமானச் சான்றிதழுக்கு ஆயுள் ஒரு வருடம். சிலர் ரொம்பச் சுறுசுறுப்பாகப் பிளஸ் டூ தொடங்கிய ஜூனிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அடுத்த ஜூனில், கவுன்சலிங் நடக்கிற நேரத்தில், அது செத்துப்போகும். ஏப்ரலில் விண்ணப்பிப்பதே சரி; கல்லூரியில் சேர்ந்தபின் உதவித்தொகை விண்ணப்பத்துக்கும் அதே தாள் உதவும்.

முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ்: அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, கூடப்பிறந்தவர்கள் யாரும் பட்டதாரியாக இருக்கக் கூடாது. அக்கா தொலைதூரக் கல்வியில் பி.ஏ. முடித்திருந்தாலும் தம்பிக்குக் கிடையாது. வீட்டில் ஒருவருக்கு மட்டும்தான் சலுகை. மாணவரும் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திடும் உறுதிமொழிப் படிவம் ஒன்றையும் கொடுக்க வேண்டும். ஒற்றைச் சாளரக் கவுன்சலிங்கில், அதாவது அரசு தரவரிசைப்படி நடத்தும் கலந்தாய்வில், எடுக்கும் இடத்துக்குத்தான் இந்தச் சலுகை. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்துவிட்டு இந்தச் சான்றிதழை நீட்டினால் பயனில்லை.

நேட்டிவிட்டி எனப்படும் இருப்பிடச் சான்றிதழ், எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்குத் தேவைப்படாது. கோபாலபுரம், வேலந்தாவளம், வாளையார் பக்கம் எல்லை தாண்டிப் பாலக்காட்டுப் பள்ளியில் ஓரிரு வருடம் படித்த பிள்ளைகளுக்குக் கட்டாயம் வேண்டும். இதற்குப் பதிலாகக் குடியிருப்புச் சான்றிதழை வாங்கிவந்து நிற்பவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு. விண்ணப்பிக்கும்போதே இ-சேவை ஊழியரிடம் 'நேட்டிவிட்டி' என்று தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள்.

திருப்பூர்ப் பள்ளிகளுக்குத் தனிக் குறிப்பு. பனியன் கம்பெனி வேலைக்காகத் தென்மாவட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களின் விண்ணப்பத்தை இங்குள்ள வி.ஏ.ஓ. பல நேரம் சொந்த ஊருக்கே திருப்பிவிடுவார். அப்பா இரண்டு நாள் லீவு போட்டு ஊருக்குப் போய்வர வேண்டியிருக்கும்; தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போகும்போது முடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். வேறு மாநிலத்தைப் பூர்வீகமாகக் கொண்டு, எட்டு முதல் பன்னிரண்டு வரை இங்கேயே படித்த பிள்ளைகளும் பொறியியல் கவுன்சலிங்குக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் பொதுப் பிரிவில்தான். நன்றாகத் தமிழ் எழுதும் ஒடிசாப் பிள்ளைக்கு இதை முன்னதாகவே சொல்லிவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட அதிகமாகச் சிக்குவது பெயர். மார்க் ஷீட்டில் அப்பா பெயர் 'பழனிசாமி', ஆதாரில் 'பழனிச்சாமி', ரேஷன் கார்டில் 'கே. பழனியப்பன்'. பிள்ளைக்குப் பள்ளியில் ஒரு இனிஷியல், ஆதாரில் இரண்டு. ஜூன், ஜூலையில் ஒரு நாள் எல்லாரையும் ஆதார், ரேஷன் கார்டு, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் மூன்றையும் கொண்டுவரச் சொல்லி மேசையில் வரிசையாக வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பத்தாவது மார்க் ஷீட்டை அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கேற்ப மாற்றுவதுதான் சுலபம். மார்க் ஷீட்டையே திருத்த வேண்டிய நிலை என்றால் தேர்வுத் துறைக்குப் போக வேண்டும், அதற்குக் காலம் பிடிக்கும்.

நுழைவுத் தேர்வுகள்

தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு 2007-லிருந்து இல்லை. ஆனால் என்.ஐ.டி.க்கு ஜே.இ.இ. மெயின், மருத்துவத்துக்கு நீட், பி.ஆர்க்குக்கு நாட்டா, தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்குக் கிளாட், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குக் கியூட் ஆகியவை உண்டு. ஜே.இ.இ. ஜனவரியிலும் ஏப்ரலிலும் நடக்கிறது. முதல் தேர்வுக்கான விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே வந்துவிடும். கிளாட் டிசம்பரில். அரையாண்டுத் தேர்வு முடியட்டும் என்று காத்திருந்தால் இரண்டுமே போய்விடும். அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டோம் என்று இருந்துவிடாமல், யாருக்கு எது பொருந்தும் என்பதைத் தாளில் குறித்துவைத்து அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

கால்நடை மருத்துவத்துக்கு நீட் வேண்டும் என்று நினைத்துக்கொண்டு உயிரியல் பிள்ளைகள் பலர் விண்ணப்பிக்காமலே விட்டுவிடுகிறார்கள். மாநில ஒதுக்கீட்டு இடங்களுக்கு நீட் தேவையில்லை; பிளஸ் டூ மார்க் போதும். நாமக்கல்லிலும் உடுமலைப்பேட்டையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கோழிப் பண்ணையும் மாடும் உள்ள நாட்டில் இந்தப் படிப்பைத் தெரியாமல் கைவிடுவது வருத்தம்தான். பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம் போன்ற துணை மருத்துவப் படிப்புகளுக்கும் மாநிலத் தேர்வுக் குழு பிளஸ் டூ மார்க்கை வைத்தே இடம் தருகிறது.

ரிசல்ட் வந்த வாரம்

கட்-ஆஃப் கணக்கைப் பிள்ளைகள் கையாலேயே போடச் செய்யுங்கள். பொறியியலுக்கு 200: கணிதம் முழுதாக 100, இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. கணிதம் 92, இயற்பியல் 81, வேதியியல் 77 என்றால் 92 + 40.5 + 38.5 = 171. கணிதத்தில் ஒரு மார்க் கூடினால் கட்-ஆஃபில் ஒரு மார்க். இயற்பியலில் ஒன்று கூடினால் அரைதான். மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ போவதா என்று யோசிக்கும்போது இந்த வித்தியாசம் மனதில் இருக்கட்டும். விடைத்தாள் நகலை வாங்கி, பாட ஆசிரியரிடம் காட்டி, மார்க் ஏற வழியிருக்கிறது என்று அவர் சொன்னால் மட்டும் மேலே போங்கள்.

இந்த மூன்று பாடங்களின் சராசரி பொதுப் பிரிவுக்கு 45 சதவீதம், மற்றப் பிரிவினருக்கு 40 சதவீதம் இருந்தால்தான் பொறியியலுக்கு விண்ணப்பிக்கவே முடியும். பதிவுக் கட்டணம் 500 ரூபாய். பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 250. 2025-ல் பதிவு மே 7-ல் தொடங்கி ஜூன் 6-ல் முடிந்தது.

பதிவு செய்யும்போது கொடுக்கும் போன் நம்பர் ஆகஸ்ட் வரைக்கும் வீட்டில் உயிரோடு இருக்க வேண்டும். பிரவுசிங் சென்டர்க்காரர் அவசரத்துக்குத் தன் நம்பரைப் போட்டுவிடுவார், பிறகு ஓ.டி.பி. வேண்டும் என்றால் அவர் கடை திறக்கும் வரை காத்திருக்க வேண்டும். அப்பா நம்பரைக் கொடுத்தாலும் அவர் நைட் ஷிஃப்டில் போனை லாக்கரில் வைத்துவிட்டுப் போகிறவரா என்று கேளுங்கள். அம்மா நம்பர்தான் பெரும்பாலும் பத்திரம். முடிந்தால் பள்ளிக் கணினியிலேயே, உங்கள் கண்ணெதிரே பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு மாவட்டத்திலும் உதவி மையங்கள் உண்டு. அங்கே இலவசமாகவே செய்து தருவார்கள்.

பத்து இலக்க ரேண்டம் நம்பர் வந்ததும் வீட்டில் ஒரே பரபரப்பாக இருக்கும். அது அதிர்ஷ்ட எண் அல்ல. இருவர் ஒரே கட்-ஆஃபில் நின்றால் முதலில் கணிதம், அடுத்து இயற்பியல் என்று வரிசையாகப் பார்த்து, பிறந்த தேதி வரைக்கும் சமமாக இருந்தால் மட்டுமே கடைசியில் இந்த எண்ணைப் பார்ப்பார்கள். தரவரிசைப் பட்டியல் வெளியானதும் பெயர், பிரிவு, மார்க் மூன்றையும் அன்றே சரிபாருங்கள். முறையிட ஒதுக்கப்படும் நாட்கள் கொஞ்சம்தான். பொதுத் தரவரிசை ஒன்று, சாதிப் பிரிவுத் தரவரிசை ஒன்று என இரண்டு எண் வரும், 7.5 சதவீதத்தில் உள்ளவர்களுக்கு அதற்கும் தனியாக வரும். எல்லாவற்றையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

விருப்பப் பட்டியல்

மொத்த வேலையில் அதிகக் கவனம் கேட்பது இதுதான். கிடைக்கும் அவகாசமோ மூன்று நாள்.

கம்ப்யூட்டர் என்ன செய்கிறது என்பதை முதலில் புரியவையுங்கள். தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்து, அவருடைய பட்டியலின் முதல் வரியைப் பார்க்கும். அந்தக் கல்லூரியில், அந்தப் பிரிவில், பொது இடமோ அவருடைய சாதிப் பிரிவு இடமோ மிச்சமிருந்தால் கொடுத்துவிடும். இல்லையென்றால் இரண்டாவது வரி. இடம் கிடைத்த வரியோடு நின்றுவிடும்; அதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காது. மேலே பெரிய கல்லூரிகளைப் போட்டுக் கிடைக்காமல் போனதற்காகக் கீழே உள்ள வாய்ப்பு துளியும் குறையாது.

இது புரியாததால் நடக்கும் தவறு ஒன்றைப் பாருங்கள். மேலே சொன்ன 171 கட்-ஆஃப் மாணவிக்கு மனதில் இருப்பது சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் இ.சி.இ. 'அதெல்லாம் கெடைக்காது கண்ணு, கெடைக்கறத மேல போடு' என்று யாரோ சொல்ல, வீட்டுக்குப் பக்கத்துத் தனியார் கல்லூரியை முதல் வரியில் வைத்துவிடுகிறாள். அது கிடைத்துவிடுகிறது. சேலம் கிடைத்திருக்குமா என்று யாருக்கும் தெரியாமலே போகிறது. 'கிடைக்குமா' என்பது பட்டியலின் நீளத்தை முடிவுசெய்ய வேண்டிய கேள்வி. வரிசையை முடிவுசெய்ய 'வேண்டுமா' என்ற கேள்வி மட்டும் போதும்.

பட்டியல் போடும் முறை இது. போன வருடம் ஒவ்வொரு கல்லூரியிலும் கடைசி இடம் எந்தத் தரவரிசையோடு முடிந்தது என்ற விவரத்தைக் கவுன்சலிங் இணையதளத்திலிருந்து இறக்குங்கள். மார்க்கைப் பார்க்காமல் தரவரிசை எண்ணைப் பாருங்கள். வினாத்தாள் எளிதாக இருந்த வருடம் கட்-ஆஃப் எல்லாமே ஏறும், மார்க்கை ஒப்பிட்டால் ஏமாந்துபோவீர்கள். உங்கள் மாணவரின் சாதிப் பிரிவுக்கான பத்தியை மட்டும் எடுங்கள். அவருடைய எண்ணுக்கு முன்பே முடிந்துபோன இடங்கள் 15, அவர் எண்ணை ஒட்டி முடிந்தவை 20 முதல் 25, தாராளமாகக் கிடைக்கக்கூடியவை 15 என்று ஐம்பது வரி சேருங்கள். பட்டியலுக்கு உச்சவரம்பு கிடையாது. பத்து வரி போட்டுவிட்டு, அந்தச் சுற்றில் எதுவும் கிடைக்காமல் அழுகிற பிள்ளைகளைப் பார்த்தால் ஐம்பது ஏன் என்று புரியும்.

பிறகு ஐம்பதையும் துண்டுச் சீட்டுகளில் எழுதித் தரையில் பரப்புங்கள். அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் உட்கார்ந்து இரண்டிரண்டாக ஒப்பிட்டு மேலும் கீழும் நகர்த்தட்டும். கம்ப்யூட்டர் திரையில் செய்தால் பிள்ளை மட்டும்தான் செய்யும், சண்டை பிறகு வரும்.

கல்லூரிக் குறியீட்டு எண்களில் கவனம். கல்லூரிப் பெயர்கள் இங்கே ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியின் குறியீடு 2006. அதே குழுமத்தின் இன்னொரு பொறியியல் கல்லூரிக்கு 2377. 'பி.எஸ்.ஜி.' என்று மட்டும் நினைத்து எண் மாற்றிப் போட்டால் சேர்வது வேறு வளாகத்தில். அதேபோல் பி.எஸ்.ஜி. டெக், சி.ஐ.டி. போன்ற அரசு உதவி பெறும் கல்லூரிகளில் சில பிரிவுகள் உதவி பெறுபவை, சில சுயநிதி. பிரிவின் பெயருக்குப் பின்னால் 'எஸ்.எஸ்.' என்று இருந்தால் அது சுயநிதி. கட்டணம் கணிசமாகக் கூடும். இரண்டையும் போடலாம், ஆனால் உதவி பெறும் பிரிவு மேலே, சுயநிதி கீழே.

இன்னொரு குழப்பம்: பி.இ. அக்ரிகல்சுரல் இன்ஜினியரிங் பொறியியல் கவுன்சலிங்கில் வரும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.டெக். வேளாண் பொறியியலோ அந்தப் பல்கலைக்கழகத்தின் தனிக் கவுன்சலிங்கில்தான் வரும். அதற்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், தனித் தரவரிசை. எட்டிமடை, காருண்யா நகர் போன்ற இடங்களில் உள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் இந்தக் கவுன்சலிங்கில் கிடையாது; அவற்றின் சேர்க்கை அவற்றின் கையில்.

எந்தப் பிரிவு என்ற கேள்விக்கு இப்போது ஒரே பதில்தான் காதில் விழுகிறது.

'ஏனுங்க சார், பையனுக்குக் கம்ப்யூட்டர் கெடைக்குங்களா?'

'கெடைக்கும்ங்கம்மா. எந்தக் காலேஜுல, பையனுக்குக் கணக்கு புடிக்குமாங்கறதுதான் கேள்வி.'

எங்கள் கருத்து: பம்ப்செட், ஃபவுண்டரி, நூல் மில், பின்னலாடை என்று தொழில் நிறைந்த கொங்கில் மெக்கானிக்கல், இ.இ.இ., டெக்ஸ்டைல் படிப்புகளை இப்படி ஒதுக்கித் தள்ளுவதில் நியாயமில்லை. நல்ல ஆய்வகமும் அனுபவமுள்ள ஆசிரியர்களும் உள்ள கல்லூரியில் மெக்கானிக்கல் படிப்பதா, தொடங்கி இரண்டு வருடமே ஆன துறையில் டேட்டா சயின்ஸ் படிப்பதா என்று வந்தால் முன்னதையே சொல்வோம்.

பட்டியலைக் கம்ப்யூட்டரில் ஏற்றியதும் பிரிண்ட் எடுத்து, தரையில் அடுக்கிய சீட்டுகளோடு ஒருவர் வாசிக்க ஒருவர் சரிபார்க்க வேண்டும். கடைசி நாள் மாலை ஐந்து மணி வரை தள்ளாதீர்கள். கொங்கில் ஆடிக் காற்றில் கரண்ட் போவது புதிதல்ல.

இடம் வந்த பிறகு

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதிசெய்ய இரண்டு நாள்தான். எதையும் அழுத்தாமல் விட்டால் இடம் போய்விடும். திரையில் வரும் வாய்ப்புகளில் குழப்புவது இரண்டு. 'ஏற்றுக்கொண்டு சேர்கிறேன்' என்றால் கதை முடிந்தது, கல்லூரிக்குப் போகலாம். 'ஏற்றுக்கொண்டு மேல்நகர்வுக்குக் காத்திருக்கிறேன்' என்றால் இந்த இடத்தைக் கையில் பிடித்துக்கொண்டே, பட்டியலில் இதற்கு மேல் எழுதிய வரி ஏதாவது காலியானால் அங்கே போக ஒப்புக்கொள்கிறீர்கள். மேல் இடம் வந்துவிட்டால் பழைய இடம் தானாகவே போய்விடும். திரும்பி வர வழியில்லை. அதனால் மேல்நகர்வை அழுத்துவதற்கு முன் மேலே உள்ள ஒவ்வொரு வரியையும் படித்து 'இது வந்தால் சந்தோஷமா?' என்று கேளுங்கள். ஏதோ ஒரு ஆசையில் கடலோர மாவட்டக் கல்லூரியை ஏழாவதாகப் போட்டிருந்தால் அதுவே வந்து நிற்கும். காத்திருப்பவர்களும் குறித்த நாட்களுக்குள் உதவி மையத்தில் பணம் கட்ட வேண்டும் என்பதை மறக்கக் கூடாது.

கலை அறிவியலும் மற்றவையும்

அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணைய விண்ணப்பம்; 48 ரூபாயும் பதிவுக்கு 2 ரூபாயும் செலுத்தி ஐந்து கல்லூரி வரை தேர்வு செய்யலாம்; பட்டியல் இனத்தவர், பழங்குடியினர் 2 ரூபாய் மட்டும் கட்டினால் போதும். கோவை அரசு கலைக் கல்லூரி, திருப்பூர் சிக்கண்ணா, எல்.ஆர்.ஜி. மகளிர் கல்லூரி எல்லாம் இதில்தான். விண்ணப்பம் ஒன்று என்றாலும் கலந்தாய்வு அந்தந்தக் கல்லூரியிலேயே நடக்கும். ஒரே நாளில் இரண்டு இடத்தில் கூப்பிட்டால் எங்கே போவது என்று முன்பே பேசிவையுங்கள்.

கோவையின் தனியார் தன்னாட்சிக் கல்லூரிகளில் பி.காம். சேர விரும்பும் வணிகவியல் பிள்ளைகள் தாமதிக்கக் கூடாது. ஒவ்வொரு கல்லூரிக்கும் தனி விண்ணப்பம். ரிசல்ட்டுக்கு முன்பே தொடங்கி, ரிசல்ட் வந்த சில நாட்களில் முடிந்துவிடும். சட்டம் படிக்க எந்தக் குரூப்பும் தடையில்லை. கோவையிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. மார்க் குறைந்த கணிதக் குரூப் பிள்ளை பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர்ந்து, டிப்ளமோ முடித்து, பி.இ. இரண்டாம் ஆண்டில் நுழையலாம். ஒரு வருடம் கூடுதலாகும். கைவேலை நன்றாக வரும்.

பணம்

கல்விக் கட்டணத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். விடுதி, மெஸ், காலேஜ் பஸ், தேர்வுக் கட்டணம், லேப்டாப் எல்லாம் சேர்த்து நாலு வருடக் கணக்கைத் தாளின் பின்பக்கம் எழுதுங்கள். அரசுப் பள்ளியிலும், அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியிலும் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பிள்ளை பெயரில் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும்; பத்தாவதில் தொடங்கி அப்படியே தூங்கும் கணக்கை ஏப்ரலில் உயிர்ப்பித்துவிடுங்கள். கல்விக் கடன் 4 லட்சம் வரை குடும்பம் முன்பணம் போடத் தேவையில்லை, 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. வங்கியில் வாய்மொழியாக 'கிடையாது' என்று அனுப்பினால், கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்து எண்ணோடு திரும்பப் போகச் சொல்லுங்கள்.

மே மாதத்தில் ஊருக்குள் வண்டி எடுத்துக்கொண்டு வரும் சேர்க்கை ஏஜெண்டுகள் 'இப்பவே சீட்டு, அப்புறம் கிடைக்காது' என்பார்கள். அட்வான்ஸ் வாங்குவார்கள், அசல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் கேட்பார்கள். அசலைக் கொடுத்துவிட்டால் கவுன்சலிங்கில் நல்ல இடம் கிடைத்தாலும் திரும்ப வாங்குவதற்குள் நாட்கள் ஓடிவிடும். மாணவரின் அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-லேயே அறிவித்திருக்கிறது. டி.சி.யில் பத்து ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்து, அசலைச் சேரும் நாளில் மட்டும் எடுத்துப் போகச் சொல்லுங்கள். ஆசிரியர் யாரும் ஏஜெண்டிடம் மாணவர் பட்டியலைக் கொடுக்கக் கூடாது. கமிஷன் வாங்கும் பழக்கம் சில இடங்களில் இருப்பது எல்லாருக்கும் தெரிந்த ரகசியம்.

தோற்றவர்களும் காணாமல் போனவர்களும்

ரிசல்ட் அன்று காலையிலேயே தோற்றவர்கள் வீட்டுக்கு முதல் போன். துணைத் தேர்வு அடுத்த சில வாரங்களில் வந்துவிடும். அதில் தேறியவர்களுக்கென்று பொறியியலில் துணைக் கலந்தாய்வும் உண்டு. இதை அன்றைக்கே சொன்னால்தான் மனம் ஆறும். பேசவே மாட்டேன் என்கிற பிள்ளைக்கு 104 என்ற உதவி எண், கல்வி சந்தேகத்துக்கு 14417.

ஜூலைக் கடைசியில் பழைய தாள்களை எடுத்து, யார் எங்கே சேர்ந்தார் என்று ஒவ்வொன்றிலும் எழுதுங்கள். சில தாள்கள் காலியாக நிற்கும். லீவுக்குப் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போய், வாரச் சம்பளம் பார்த்தபின் அங்கேயே நின்றுவிட்ட பையன். அத்தை மகனுக்குப் பேசி முடித்துவிட்ட பெண். அவர்கள் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை நேரில் போக வேண்டும். மற்ற நாளில் யாரும் இருக்க மாட்டார்கள். அரசு கலைக் கல்லூரிகளில் ஆகஸ்டிலும் காலியிடச் சேர்க்கை நடப்பதுண்டு; மாவட்டத்தில் நடக்கும் 'உயர்வுக்குப் படி' முகாமில் அன்றைக்கே சேர்க்கைக்கு ஏற்பாடு செய்கிறார்கள். போகும்போது அந்தத் தாளையும் டி.சி. ஜெராக்ஸையும் பையில் வைத்துக்கொண்டு போங்கள்.